அக்காவிடம் போக எந்த மோட்டார் சைக்கிள்?

கண்டி,
2006 செப்டெம்பர் 3

என்றும் என் மதிப்புக்குரிய தவமணி அக்காவுக்கு,

பிள்ளையார் புண்ணியத்தில் நானும் உங்கள் மச்சாள் பத்மாதேவியும் சுகம். கொக்குவிலில் உங்களுக்கும் அவரே துணை. உங்கள் கடிதம் கிடைத்தது. கையெழுத்து பக்கத்து வீட்டுத் திரேசா ரீச்சருடையது என்று கண்டதும், நீங்களே எழுதும் அளவுக்குக் கண் இல்லை என்று விளங்கியது. "கண் முழுக்க மங்க முன்னம் ஒருக்கா வந்து முகத்தைக் காட்டிப்போட்டுப் போடா எண்டு நாலு வருசமாய்க் கேட்டன். இப்ப பாதையையும் பூட்டிப்போட்டாங்கள். ஏன் நீ வரேல்லை?" என்று எழுதுவித்திருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. காரணம் மோட்டார் சைக்கிள்.

2002இல் சண்டை நின்று யாழ்ப்பாணப் பாதை திறந்த அன்றே புறப்படத் துடித்தேன். ஆனால் எதில்? முப்பத்தொரு வருடம் அரசாங்கக் கச்சேரியில் கோப்பு எழுதும் இலிகிதராக இருந்தவன் கோப்புத் திறக்காமல் ஒரு காரியம் செய்வானா? திறந்தேன். பழைய ஜப்பான் மோட்டார் சைக்கிள் விற்கும் மஹ்ரூப்பைத் தேடித் திகனவுக்குப் போனேன். மனிதர் இரண்டைக் காட்டினார். "இது ஸ்போர்ட் டூரிங், சேர். நல்ல ரோட்டுல பறக்கும். மத்தது அட்வென்ச்சர் டூரிங். கல்லு, குழி ஒண்டும் பாக்காது. எந்த ரோட்டுல போறீங்க?" யாழ்ப்பாண ரோட்டில் என்றேன். தலையைச் சொறிந்துவிட்டு, வவுனியா வரை முதலாவது, அதற்கப்பால் இரண்டாவது என்றார். நடுவில் மாற்றி ஏற அரசாங்கமோ இயக்கமோ ஒரு கொட்டில்கூடப் போட்டுத் தரவில்லை. சமாதானம் என்று பெயர் மட்டும் வைத்தார்கள்.

2003இல் உயரமான அட்வென்ச்சரை இரவல் வாங்கிப் பிள்ளையார் வாசலில் பூசைக்கு நிறுத்தினேன். ஐயர் விபூதி பூசி, சில்லுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார். பழம் நசுங்கியது, என் கால் நிலத்துக்கு எட்டவில்லை, வண்டியும் நானும் சாமிக்கு முன்னால் சாஷ்டாங்கமாக விழுந்தோம். "உந்த ஒட்டகத்திலை என்னை ஏத்திக்கொண்டு போகப் போறியளோ? நான் செத்தாலும் ஏறன்!" என்றாள் பத்மாதேவி. அதையும் கோப்பில் பதிந்தேன். 2004இல் தாழ்வான ஸ்போர்ட். கடுகண்ணாவை மலை வளைவுகளில் குனிந்து ஓடி, சோதனைச் சாவடியில் நிறுத்தினால் முதுகு நிமிரவில்லை. இறங்கு என்றான் சிப்பாய், முடியவில்லை. கடைசியில் அவனே சிரித்துச் சிரித்து என்னைத் தூக்கி இறக்கினான். எங்கே பயணம் என்றான். அக்காவிடம் போவதற்கு ஒத்திகை என்றேன். அக்கா எங்கே என்றான். யாழ்ப்பாணத்தில் என்றேன். அவன் சிரிப்பு நின்றது. அடையாள அட்டையை வாங்கி, பெயரையும் விலாசத்தையும் ஒரு கொப்பியில் ஆறுதலாக எழுதினான்.

அதற்குப் பிறகு அனுகூலம், பிரதிகூலம் என்று இன்னும் இரண்டு வருடம் எழுதினேன். கோப்பு தலையணை அளவு தடித்தது. போன மாதம் பாதையைப் பூட்டினார்கள். தீர்மானம் எடுக்க வேண்டிய அவசியமும் தீர்ந்தது. இதில் என் குற்றம் எது, சொல்லுங்கள்? குழியை நான் தோண்டினேனா? என் காலை நான் கட்டையாகப் படைத்தேனா?

பத்மாதேவி உங்களுக்குக் கண்ணுக்கு விடும் மருந்து வாங்கி வைத்திருக்கிறாள். கொண்டுவரத்தான் ஆள் இல்லை. கந்தசுவாமியார் உங்களை நோய் நொடியின்றிக் காக்கட்டும்.

உங்கள் பாதம் தொடும் தம்பி,
அம்பிகைபாகன்

பிற்குறிப்பு: திரேசா ரீச்சர், மேலே உள்ளதை அக்காவுக்கு வாசிக்க வேண்டாம். வாசித்துவிட்டீர்கள் என்றால் என்னை மன்னியுங்கள். இதை மட்டும் சொல்லுங்கள். அந்த நாலு வருடமும் கண்டியிலிருந்து வவுனியாவுக்குத் தினமும் காலையில் பஸ் ஓடியது, அங்கிருந்து யாழ்ப்பாணம் போகவும் பஸ் இருந்தது. அந்த நேர அட்டவணைதான் என் கோப்பின் முதல் தாள். அதற்கு மேலேதான் மற்றத் தாள்களை எல்லாம் அடுக்கினேன். எனக்குப் பயமாக இருந்தது, அக்கா. அந்தக் கொப்பியில் பெயர் ஏறிய பிறகு மட்டுமல்ல, முதல் நாளிலிருந்தே.