சண்டைக் கொய்யாவும் விடுதிக் குளியல் தண்ணீரும்

புதுக்கோட்டை மாவட்டத்திலேயே, அடுத்தவர் குளிக்க வேண்டும் என்பதற்காகச் சண்டை போட்ட ஒரே மனுஷி சண்டைக் கொய்யாதான். வேறு யாராவது இருந்திருந்தாலும் இவ்வளவு சத்தமாகப் போட்டிருக்க முடியாது.

வல்லத்திராக்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியின் ஆண்கள் விடுதியில் நான் வார்டனாக இருந்தேன். விடுதிச் சுவரை ஒட்டி அந்த அம்மாளின் கொய்யாத் தோட்டம். கொய்யா விற்பார், சண்டை போடுவார். பையன்கள் இரண்டையும் சேர்த்துப் பெயர் வைத்துவிட்டார்கள்.

ஒரு கோடையில் அவருடைய போர்வெல் வற்றி மரங்கள் வாடின. எங்கள் விடுதியிலோ குளித்த தண்ணீரையும் துணி துவைத்த தண்ணீரையும் தொட்டியில் சுத்திகரித்து, பின்பக்கம் சும்மா திறந்துவிட்டுக்கொண்டிருந்தோம். அங்கே சீமைக்கருவேலம் காடாக மண்டியிருந்தது. இதைப் பார்த்துவிட்டு நேரே என் அறைக்கு வந்தார்.

“ஏன் சார், கரண்டு செலவழிச்சு சுத்தம் பண்ணி, முள்ளுக்குக் கொண்டுபோயி ஊத்துறீங்களே, ஒங்களுக்கெல்லாம் மனசாட்சி இருக்கா? செவுத்துக்கு அங்கிட்டு எம் மரம் சாகுது. இங்கிட்டு முள்ளு கொழுக்குது!”

நிர்வாகத்திடம் கேட்க வேண்டும் என்றேன்.

“கேளுங்க” என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவர், நான் போன் செய்து அனுமதி வாங்கும்வரை எழுந்திருக்கவில்லை. தன் செலவிலேயே குழாய் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு மரத்தடியிலும் தண்ணீர் சொட்டத் தொடங்கியது.

அதன்பிறகு விடுதியே தன்னுடையது என்ற எண்ணம் அவருக்கு வந்துவிட்டது. தரை கழுவ ஆசிட் வாங்கினால் வாசலில் வந்து நிற்பார். “அந்தக் கருமத்த ஊத்துனா எம் மரத்துக்கு வயிறு எரியாதா?” பொங்கலுக்கு விடுதியை மூடினாலும் சண்டை. “எதுக்கு சார் இத்தன நாளு லீவு? பிள்ளைக படிக்க வேணாமா?”

படிப்பின்மேல் வந்த அக்கறை இல்லை அது. காலியான விடுதியில் நான் மட்டும் தங்கப்போகிறேன் என்று தெரிந்ததும் குரல் தணிந்தது. “சார், நீங்களாச்சும் ரெண்டு தடவ குளிங்க.”

குளித்தேன். வேறு என்ன செய்ய?

மரங்கள் தேறிக் காய்த்தன. முதலில் பழுத்ததையெல்லாம் கூடை நிறைய எங்கள் மெஸ்ஸுக்குச் சும்மாவே அனுப்பினார். பையன்கள் ஆசையாகக் கடிக்கும்போது ஒருவன், “டேய், இது நாம குளிச்ச தண்ணிடா!” என்றான். அவ்வளவுதான். கூடை அப்படியே திரும்பிப் போனது.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. கடையில் வாங்கும் பழம் எந்தத் தண்ணீரில் விளைந்தது என்று ஒரு நாளும் கேட்காதவர்கள், சுத்தம் செய்த தண்ணீர் என்று தெரிந்ததும் மூக்கைப் பிடிக்கிறார்கள்! இனி மெஸ்ஸில் பழமே கிடையாது என்று நான் கத்திக்கொண்டிருந்தபோது, கூடையைச் சுமந்துகொண்டு அவரே வந்துவிட்டார்.

“ஏம்ப்பா, வேரு குடிச்ச தண்ணி, பழத்துல வந்து ஒங்க அழுக்காவா நிக்கிது?”

“அப்ப அந்தத் தண்ணிய நீங்க குடிச்சுக் காட்டுங்க ஆன்ட்டி” என்றான் ஒரு துடுக்குக்காரன்.

“நீ காலையில பால் குடிச்சியா? குடிச்சேல்ல? மாடு தின்ன வைக்கோல இப்பத் தின்னு காட்டு!”

மெஸ் முழுக்கச் சிரிப்பு. ஆனால் ஒருவனும் கூடைப் பக்கம் வரவில்லை. அவர் பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு பழத்தை எடுத்துத் தனியாகத் தின்னத் தொடங்கினார். கண் கலங்கியிருந்தது. அந்த முகத்தில் கண்ணீரை நான் அன்றுதான் பார்த்தேன். சிரிப்பு மெல்ல அடங்கியது.

அந்தத் துடுக்குக்காரனே எழுந்து போய் எதிரில் உட்கார்ந்தான். “மொளகாப்பொடி இருக்கா ஆன்ட்டி?”

“பேசுன பேச்சுக்கு ஒனக்கு மொளகாப்பொடி வேறயா?” என்று திட்டிக்கொண்டே, இடுப்பில் செருகியிருந்த பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். கொஞ்ச நேரத்தில் கூடை காலி.

இப்போது நான் திருச்சியில் வேலை பார்க்கிறேன். இங்கே எல்லோரும் மரியாதையாகப் பேசுகிறார்கள். அவ்வளவு உரிமையோடு என்னைத் திட்டத்தான் ஆளில்லை.