தொண்டைக்கு ஏறிய கருப்பை வாய்

உறுப்பின் பெயரைச் சொல்லாமல் யோசனை கேட்பவர்கள் என்று ஓர் இனம் உண்டு. எல்லா ஊரிலும் வாழும், எந்த வெயிலையும் குளிரையும் தாங்கும். "ஒண்ணுமில்ல, தெரிஞ்சவங்க ஒருத்தங்களுக்கு..." என்று பேச்சை ஆரம்பித்தால் அடையாளம் கண்டுகொள்ளலாம். அந்தத் தெரிந்தவர் யார் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ஓடிவிடும்.

நல்ல மாதிரி ஒன்றைப் பார்க்க வேண்டுமா? சட்டை தைக்கும் தொழிற்சாலைக்கு வாருங்கள். தைத்து முடிந்த சட்டைகள் மலையாகக் குவியும் மேசைக்குப் பின்னால், டியூப்லைட்டுக்கு நேர் கீழே நிற்கிறாரே, அவர்தான். எல்லோருக்கும் செக்கிங் அக்கா. காலரில் ஒரு தையல் விட்டுப்போயிருந்தால் போதும், சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை உரித்து நேராக அந்த இடத்திலேயே ஒட்டுவார். ஒட்டிவிட்டு, தைத்தவரின் பெயரை ஹால் முழுக்கக் கேட்கும்படி கூப்பிடுவார். குறையைப் பூசி மெழுகுவது அவருக்குப் பிடிக்காது. பிறர் குறையை.

அப்படிப்பட்டவருக்குக் கருப்பை வாய்ப் பரிசோதனையின் முடிவு வந்தது. செல்களில் லேசான மாற்றம்.

"புற்றுநோய்னு அர்த்தமில்ல, பயப்படாதீங்க" என்றார் டாக்டரம்மா. "இந்த மாத்தத்தை உண்டாக்குற வைரஸ் இருக்கான்னு இப்பவே ஒரு டெஸ்ட் எடுக்கலாம். இல்ல, ஒரு வருஷம் கழிச்சு இதே டெஸ்ட்டைத் திரும்ப எடுக்கலாம். யோசிச்சுட்டு வாங்க."

யோசிச்சுட்டு வாங்க! இந்த இனத்திடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது?

இப்போதே எடுத்தால் ஏதாவது வந்து தொலைக்குமோ என்று பயம். ஒரு வருஷம் விட்டால் உள்ளே ஏதாவது வளர்ந்துவிடுமோ என்று அதைவிடப் பயம். யாரிடமாவது கேட்டே ஆக வேண்டும். ஆனால் அந்த இடத்தின் பெயரை வாயால் எப்படிச் சொல்வது? அக்கா உடம்பின் மற்ற பாகங்களை இரவல் வாங்கினார்.

பக்கத்து மேசைக்காரியிடம் அது தொண்டை ஆயிற்று.

"தொண்டையில லேசா மாத்தமாம். இப்பவே பாக்கறதா, ஒரு வருஷம் விடறதா?"

"உங்களுக்காக்கா?"

"சேச்சே. தெரிஞ்சவங்களுக்கு."

"அவங்களைக் கொஞ்ச நாள் கத்தாம இருக்கச் சொல்லுங்கக்கா. தானா சரியாயிடும்."

அண்ணனிடம் போகும்போது முழங்காலுக்கு இறங்கியது. "படி ஏறாம இருந்தாலே போதும்" என்றார் அண்ணன். நாத்தனாரிடம் பல். "எதுக்கு வெச்சுக்கிட்டு அவஸ்தை? பிடுங்கிப் போட்டா நிம்மதி" என்று அவர் சொன்னதும் நம் அக்காவுக்கு உட்கார நாற்காலி தேவைப்பட்டது.

வீட்டுக்காரரிடமாவது உண்மையைச் சொன்னாரா? அரை உண்மை. உறுப்பைச் சொன்னார், ஆளை மாற்றிவிட்டார். "எங்க சூப்பர்வைசர் சம்சாரத்துக்குங்க, கர்ப்பப்பை பக்கமாம்." அவர் மனமிரங்கி, "அடடா, அந்த மனுஷன்கிட்ட ஒரு வார்த்தை விசாரிக்கிறேன்" என்று போனை எடுக்க, அக்கா பாய்ந்து பிடுங்கினார்.

கடைசியில் பெரும்பான்மை முடிவு இது: கத்தாமல், படி ஏறாமல், ஒரு வருஷம் காத்திருப்பது. அக்கா கத்துவதை விட்டார்; தையல்காரர்கள் கம்பெனியை மூடப்போகிறார்கள் என்று பயந்தார்கள். மாடிப்படியையும் விட்டார். அவரைத் தூக்கம்தான் விட்டுப் போயிற்று.

மறுபடி டாக்டரிடம் போனார்.

"ஒரு சந்தேகம் டாக்டர். என் தங்கச்சிக்கு லேசா மாத்தமாம்..."

மேசைமேல் அக்காவின் ரிப்போர்ட் விரிந்து கிடந்தது. டாக்டரம்மா அதன்மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டார்.

"தங்கச்சிக்கு எந்த இடத்துல?"

அக்கா மின்விசிறியைப் பார்த்தார். "அங்கதான்."

"தூக்கம் வருதா அவங்களுக்கு?"

"எங்க டாக்டர் வருது!"

"அப்ப ஒரு வருஷமெல்லாம் அவங்க தாங்க மாட்டாங்க. வைரஸ் டெஸ்ட்டை இப்பவே எடுத்துடலாம். இல்லன்னு வந்தா நிம்மதி. அடுத்த செக்கப் எப்பன்னு சொல்றேன், அப்ப வந்தா போதும். இருக்குன்னு வந்தா, லென்ஸ் வெச்சுக் கிட்டப் பாப்போம். அதுவும் கொஞ்ச நேர வேலைதான்."

"தங்கச்சிகிட்ட கேட்டுச் சொல்றேன்."

"கேளுங்க. கேட்டுட்டு, அவங்களை அந்தத் திரைக்குப் பின்னால போய்ப் படுக்கச் சொல்லுங்க."

தங்கச்சி போய்ப் படுத்தார்.

வைரஸ் இல்லை என்று வந்த அன்று சாயங்காலம், அக்கா வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னார். உறுப்பும் சரி, ஆளும் சரி, இரண்டும் நிஜம். அவர் நின்றபடியே கேட்டு முடித்தார்.

"இத்தனை நாளா எங்கிட்டகூடச் சொல்லாம இருந்திருக்கியே. இதுல என்ன வெக்கம்?"

"தப்புதாங்க."

"உடம்புன்னா உள்ளதைச் சொல்லணும்." கொஞ்சம் தயங்கினார். "அது இருக்கட்டும். எங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கு முழங்கையில ஏதோ கோளாறாம். பாவம், ஒரு மாசமா உக்காரவே முடியலையாம். அந்த டாக்டரம்மா அதையும் பாப்பாங்களா?"

அக்கா அப்போதுதான் கவனித்தார்: அவர் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார்.

வாசகரே, நீங்கள் இந்த இனத்தில் சேர்த்தி இல்லை, எனக்குத் தெரியும். உங்கள் அலமாரியில் மடித்த துணிகளுக்கு அடியில் குப்புறக் கிடக்கும் அந்த ரிப்போர்ட் வேறு யாருடையதோதான். யாருடையதோ, அவரை நாளைக் காலையிலேயே கிளம்பச் சொல்லுங்கள்.