கழித்துப்போட்ட காதுகுத்து

கடவுளே நேரில் வந்து நின்றாலும், கும்பிடுவதற்கு முன்னால் அவரைத் திருப்பி நிறுத்தி முதுகுத் தையல் நேராக இருக்கிறதா என்று பார்க்கக்கூடிய ஆசாமி எங்கள் ரிஜெக்ட் அண்ணன். பல்லடம் ரோட்டில் நான் வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருந்த பனியன் கம்பெனியில், தைத்து வந்ததில் பழுதைக் கண்டுபிடித்துக் கழித்துப்போடும் செக்கிங் இன்சார்ஜ் அவர். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் அக்கவுண்டன்ட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

கல்யாணத்துக்குப் போனால், கை குலுக்கும் சாக்கில் மாப்பிள்ளையின் சட்டைக் கையை உள்பக்கமாகப் புரட்டிப் பார்ப்பார். பந்தியில் பக்கத்து இலை வடையையும் தன் இலை வடையையும் ஒன்றாக வைத்து அளந்து, "மெஷர்மென்ட் அவுட்டுங்க" என்று பரிமாறுகிறவரிடம் திருப்பிக் கொடுப்பார். இதையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவன்தான் நானும், என் தலையில் வந்து விடியும்வரை.

எங்கள் முதலாளிக்கு ஒரு யோசனை. சாம்பிள் படங்கள் தொலையாமல் இருக்க, எங்கள் எல்லோருடைய போனிலும் ஒரே கம்பெனி மெயிலைப் போட்டு, எடுக்கிற படமெல்லாம் தானாகவே கிளவுட் என்கிற இன்டர்நெட் கிடங்கில் ஏறும்படி செய்துவிட்டார். ஆளுக்கொரு இடம் வாங்குவது வெட்டிச் செலவாம். பனியனில் விழுந்த ஓட்டை, எண்ணெய்க் கறை எல்லாவற்றோடும் என் மகளின் காதுகுத்துப் படங்களும் அங்கே போய் உட்கார்ந்தன. எல்லாம் கிளவுடில் பத்திரமாக இருக்கிறது, போனில் இருப்பதை அழித்து இடம் பண்ணட்டுமா என்று போன் கேட்டது. நானும் நம்பி அழுத்தினேன்.

ஒரு நாள் கிளவுடும் நிரம்பி, பேக்கப் நின்றுபோனது. வேண்டாததை அழித்துவிடச் சொல்லி முதலாளி உத்தரவு போட்டார். அதைப் போயும் போயும் யாரிடம் சொன்னார் என்பதுதான் கொடுமை.

திங்கட்கிழமை பேக்கப் ஜோராக ஓடியது. என் மகளைத்தான் காணோம். ரிஜெக்ட் அண்ணனிடம் ஓடினேன்.

"ஏனுங்ணா, என்ற புள்ளை காதுகுத்துப் போட்டோவெல்லாம் எங்கீங்ணா?"

"அதுங்களா? டேமேஜுங்க கண்ணு. ஒண்ணுல புள்ளை அழுவுது, ஒண்ணுல மாமங்காரரு கண்ணை மூடிட்டாரு, ஒண்ணு பூரா ஆட்டமுங்க. பார்த்துப் பார்த்துக் கழிச்சுப்போட்டனுங்க."

"அந்த ஓட்டைப் பனியன் போட்டோ?"

"அதெல்லாம் பளிச்சுன்னு இருக்குதுங்க. பாஸ் பண்ணிட்டனுங்க."

அழித்த படம் கிளவுடின் குப்பைத்தொட்டியில் கொஞ்ச நாள் கிடக்குமே என்று அவசரமாகத் திறந்தேன். அதுவும் துடைத்துவிட்டதுபோல் இருந்தது.

"ரிஜெக்டை அங்கியே வெச்சிருந்தா நல்ல பீஸோட கலந்துருமுங்கல்ல? அதான் அதையும் காலி பண்ணிட்டனுங்க" என்றார், பாராட்டை எதிர்பார்க்கும் முகத்தோடு.

கழித்த பனியன் தப்பித் தவறிப் பெட்டிக்குள் போய்விடக்கூடாது என்று செக்கிங்கில் கத்தரியால் வெட்டிப் போடுவார்கள். அதே நியாயம் இங்கேயுமாம். என் மகள் என்ன எக்ஸ்போர்ட் சரக்கா? கிளவுட்காரர்களின் உதவிப் பக்கத்தில் கெஞ்சினால், மீட்க முடியாது என்று ஒரு வரி பதில் வந்தது. கீழேயே, இந்தப் பதில் உங்களுக்கு உதவியாக இருந்ததா என்று ஒரு கேள்வி. இல்லை என்று அழுத்தினேன்.

மகளை மடியில் வைத்திருந்த மச்சான் காதுகுத்து முடிந்த மறுவாரமே வேலைக்கு வெளிநாடு போய்விட்டான். படம் போச்சு என்பதற்காகக் குழந்தைக்கு இன்னொரு தடவை காது குத்த முடியுமா? சொந்தக்காரர்களைக் கேட்டால், "நீதான் எடுத்துட்டு இருந்தியே, நாங்க எடுக்கலியே" என்று ஒரே பல்லவி. மனைவி என்னோடு பேச்சை நிறுத்தினாள். நான் ரிஜெக்ட் அண்ணனோடு நிறுத்தினேன்.

காய்ச்சலிலும் லீவு போடாத மனிதர், சேர்ந்தாற்போல் சில நாள் லீவு போட்டார். செய்வதையும் செய்துவிட்டு ஓடி ஒளிந்துகொண்டார் என்று ஆபீஸ் பூராவும் சொல்லித் திரிந்தேன். திரும்பி வந்தவர் நேரே என் மேஜைக்கு வந்து போனை நீட்டினார்.

"பூண்டியில ஒங்க பெரியம்மா ஊடு, அவிநாசிபாளையத்துல ஒங்க சித்தப்பா ஊடு, எல்லாப் பக்கமும் போயிட்டு வந்தனுங்க. கேட்டா இல்லைன்னுதானுங்க சொல்லுவாங்க. போனை வாங்கி நானே செக் பண்ணினனுங்க. கம்பெனி மெயில் வேண்டாமுங்க கண்ணு, ஒங்க சொந்த மெயிலைத் தெறங்க."

கடைசிப் படம் ஏறி முடியும்வரை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். பாதித் தலை, லென்ஸை மறைத்த கட்டைவிரல், ஒரே ஆட்டம்.

"முக்காவாசி டேமேஜுங்களேண்ணா."

"இருக்கட்டுங்க" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

அதில் ஒன்று பெரியம்மா கை நடுங்க எடுத்தது. விருந்துக்கு வந்திருந்த ரிஜெக்ட் அண்ணன் ஆசாரியின் தோளுக்கு மேல் எட்டிக் குனிந்து, இரண்டு ஓட்டையும் ஒரே உயரத்தில் வருகிறதா என்று என் மகளின் காதருகே இன்ச் டேப்பைப் பிடித்திருக்கிறார். அவள் வீறிட்டு அழுகிறாள். அவர் கண்ணும் கலங்கியிருக்கிறது.

அந்த ஆள்மேல் எனக்குக் கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை. ஆனாலும் எந்தக் கிளவுடையும் நம்பாமல் அந்தப் படத்தைப் பிரிண்ட் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் டேப்போடு நிற்கும் இவர் யார் என்று கேட்டால், "பெரியப்பா" என்கிறாள் என் மகள். நான் திருத்துவதில்லை.