சம்பந்திக்கு ஒரு சாக்கடை விளக்கம்

மதிப்பிற்குரிய வருங்காலச் சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம். தாங்களும், தங்கள் துணைவியாரும், குறிப்பாக அவருடைய கணுக்காலும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

கல்யாணத் தேதி பேச நீங்கள் வந்த அன்று மழை பிடித்துக்கொண்டதும், எங்கள் குளியலறைச் சாக்கடை உள்ளே வாங்குவதை விட்டுவிட்டு வெளியே கக்க ஆரம்பித்ததும், அது கூடம்வரை வந்து உங்கள் காலடியில் நின்றதும், நீங்கள் நாற்காலிமேல் ஏறி நின்றபடி “யோசிச்சுச் சொல்றோம்” என்றதும், இறங்கும்போது அம்மையாருக்குக் கால் பிசகியதும் என் கண்ணைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது. இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறீர்கள், ஆனாலும் அதன்பிறகு உங்களிடமிருந்து பேச்சுமூச்சே இல்லை. உங்கள் மகன்மேல் என் மகளுக்கு உயிர். பாவம், அவள் சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை. என் மனைவியோ, சாக்கடையை நான்தான் பத்திரிகை வைத்து அழைத்தேன் என்பதுபோல் பேசுகிறாள்.

விடுவேனா? நனைந்த ஜமுக்காளத்தைச் சாட்சிக்குச் சுருட்டிக்கொண்டு நகராட்சிக்குப் போனேன். ஒரு கை பார்த்துவிடுவது என்றுதான் போனேன். அங்கிருந்த பொறியாளர் அம்மா கோபப்படவே இல்லை. “குழாய் உங்க வயசைவிடப் பெருசுங்க ஐயா. ஊரு வளர்ந்துடுச்சு, அது வளரல. இப்ப எல்லாத்தையும் மாத்தப்போறோம், அரசாங்கக் கடன் கிடைச்சிருக்கு” என்றார். வங்கியில் கடன் பிரிவிலேயே தலை நரைத்தவன் அல்லவா, வாய் சும்மா இருக்குமா? வட்டி என்ன என்று கேட்டேன். சொன்னார். ஒரு சதவீதம். நான் உட்கார்ந்துவிட்டேன். முப்பது வருடத்தில் அடைக்கலாமாம், அதுவும் வேலை முடிந்த பிறகுதான் முதல் தவணையாம். ஒரு மாவு மில்காரர் மோட்டார் வாங்கக் கடன் கேட்டதற்கு அவர் மச்சானையும் மச்சானுடைய மச்சானையும் ஜாமீனுக்கு இழுத்துவந்தவன் நான். இங்கே ஒரு அரசாங்கம், மண்ணுக்கடியில் புதைந்து யார் கண்ணிலும் படாமல் கிடக்கப்போகிற குழாய்க்கு, ‘மெதுவா கொடுங்க, முதல்ல சுத்தமா இருங்க’ என்று பணத்தை நீட்டுகிறது. “கடைசித் தவணை கட்டப்போறவங்கள்ல பாதிப்பேர் இன்னும் பொறக்கவே இல்லைங்க” என்றார் அந்த அம்மா. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வரி கொஞ்சம் கூடுமாம், கூடட்டும். கடன்காரன் ஆனதற்கு ஒரு மனிதன் இவ்வளவு சந்தோஷப்பட முடியும் என்று இத்தனை நாள் எனக்குத் தெரியாமல் போயிற்று.

சுத்திகரிப்பு நிலையத்தையும் காட்டினார்கள். இறக்கிவைத்திருந்த புதுக் குழாய்க்குள் நான் குனியாமல் நடந்தேன், சம்பந்தி, குடையை விரித்துக்கொண்டு நடந்தேன். தொட்டியில் காற்றை ஊதுகிறார்கள், கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அழுக்கையெல்லாம் தின்று தீர்க்கின்றன, லீவு கேட்பதில்லை, சம்பளம் கேட்பதில்லை, கடைசியில் தண்ணீர் கண்ணாடி மாதிரி வருகிறது. வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். உங்களுக்குக் காட்டலாமே என்று ஒரு பாட்டிலில் பிடித்துவந்து குளிர்பெட்டியில் வைத்தேன். விஷயம் தெரிந்ததும் என் மனைவி பாட்டிலோடு என்னையும் சேர்த்து வெளியே வைத்தாள்.

எங்கள் தெருவில் பள்ளம் தோண்ட ஆரம்பித்துவிட்டார்கள். ஆகவே பெரிய மனசு பண்ணுங்கள். ஒரு கிழட்டுக் குழாய் செய்த காரியத்துக்குப் பழியை என் மகள் தலையில் போடாதீர்கள். அடுத்த மழைக்காலத்தில் வந்து பாருங்கள், ஒரு சொட்டு மேலே வராது.

தங்கள் இல்லத்தில் எல்லாம் மேலிருந்து கீழாகவே பாய வேண்டும் என்று வாழ்த்தும்,
பெண்ணைப் பெற்றவன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது மகள் ஓடிவந்தாள். “அப்பா, அதை அனுப்பாதீங்க. அவரு இப்பதான் போன் பண்ணாரு. இங்க குழாய் மாத்துறதுக்காக நம்ம தெருச் சாக்கடையை அவங்க தெருக் குழாய்க்குத் திருப்பி விட்டிருக்காங்களாம். காலையில பெஞ்ச மழையில அவங்க வீட்டுக் கூடம் முழுக்க நம்ம தண்ணிதான். அத்தையும் மாமாவும் பெட்டி படுக்கையோட இங்கதான் வந்துட்டு இருக்காங்க” என்கிறாள். ஆகவே இதை நீங்கள் வந்ததும் கையிலேயே தருகிறேன். என் மனைவி மாடி அறையைப் பெருக்குகிறாள். எங்கள் தெரு வேலை முடிய ஒரு வருடம் ஆகுமாம். தயங்காமல் வாருங்கள், சம்பந்தி, கல்யாணத் தேதியை ஆற அமரப் பேசலாம்.