உன் அண்ணியின் பண்ணையை விழுங்கிய மாட் லோடர்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. அங்கே நீ நலமாகத்தான் இருப்பாய், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் கோபத்துக்குப் பாதிக் காரணமே அதுதான். போனில் பேசியிருக்கலாமே என்பாய். போன் செய்தால் "மீட்டிங்ல இருக்கேண்ணா, அப்புறம் கூப்பிடறேன்" என்கிறாய். அந்த அப்புறம் இரண்டு நாளாக வரவில்லை. அதனால்தான் கடிதம். இதை உன்னால் பாதியில் துண்டிக்க முடியாது.

உன் அண்ணி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து எட்டு மாதமாகிறது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து ஜன்னல் வரை, ஜன்னலிலிருந்து கட்டில் வரை, அவ்வளவுதான் அவள் நடை. அண்ணிக்குப் பொழுது போகட்டும் என்று நீதான் அந்தப் பண்ணை விளையாட்டைக் கணினியில் போட்டுக் கொடுத்தாய். அதை நான் குறை சொல்லவில்லை. அதில் அவள் வயலில் ஓடுகிறாள், ஆற்றைத் தாண்டுகிறாள், மழையில் நனைந்துகொண்டு மாட்டை ஓட்டி வருகிறாள். பதினாறு மாடு, இரண்டு குதிரை, கண்ணுக்கெட்டிய தூரம் பூசணி. எல்லாம் சரி, எழுத்தெல்லாம் ஆங்கிலம். திரையில் யார் வாயைத் திறந்தாலும், "என்னங்க, இவன் என்ன சொல்றான், வந்து படிங்க" என்று ஒரு குரல். ஒரு நாளைக்கு நாற்பது தடவை. பாதிச் சவரத்தில் நுரையோடு ஓடியிருக்கிறேன். ஒரு செய்தித்தாளை முழுசாகப் படித்து எட்டு மாசமாச்சு.

இதை உன்னிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். நீ என்ன சொன்னாய்? "இதுக்கா இவ்ளோ அலுத்துக்கறீங்க? தமிழ்ல மாத்திடலாம்ணா. மாட் லோடர்னு ஒண்ணு இருக்கு, அதைப் போட்டா போதும். அஞ்சு நிமிஷ வேலை." அஞ்சு நிமிஷம்! உன் அஞ்சு நிமிஷத்தில் தீ வைக்க!

அது என்னடா வஸ்து என்று கேட்டால், அது விளையாட்டு இல்லையாம், தமிழும் இல்லையாம். வெளியாட்கள் செய்த மாற்றங்களை விளையாட்டுக்குள் ஏற்றிவிடும் ஆளாம். தமிழ் மட்டும் தனியாக வராதாம், அதற்குத் துணையாக இன்னும் ஆறு பேர் வேண்டுமாம். நீ அனுப்பிய வரிசைப்படி ஒவ்வொன்றாக இறக்கினேன். ஏழு உறை, நீங்கள் ஃபோல்டர் என்பீர்களே, அது வந்து சேர்ந்தது. திறந்து பார்த்தால், ஏழிலும் ஒரே பெயரில் ஒவ்வொரு தாள்! முப்பத்தொரு வருஷம் அரசாங்கப் பதிவறையில் இருந்தவன் நான். ஒரே பெயரில் ஏழு தாள் இருந்தால் ஒன்று அசல், ஆறு நகல். அசலை வைத்து நகலைக் கழிப்பது என்பது தூக்கத்திலும் என் கை செய்கிற வேலை. கழித்தேன். இந்தச் சந்தடியில் அண்ணியின் பண்ணைக்கு ஏதும் ஆகிவிடக் கூடாதே என்று, அது சேமிக்கப்பட்டிருந்த கோப்பை அங்கிருந்து எடுத்து, 'நிரந்தரப் பாதுகாப்பு' என்று தனி உறை போட்டு, எண் கொடுத்து, வேறு இடத்தில் பூட்டாத குறையாக வைத்தேன். என் கவனத்தைப் பார்த்துக்கொள், உன் கவனத்தையும் பார்த்துக்கொள்.

இவ்வளவு பக்குவமாகச் செய்தும், விளையாட்டைத் திறந்தால் கறுப்பாக ஒரு ஜன்னல் வந்து, சிவப்பு எழுத்தில் என்னைத் திட்டுகிறது. தமிழும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. உனக்குப் போன் செய்தேன். "எல்லாத்தையும் எடுத்துடுங்கண்ணா, பழையபடி ஆயிடும்" என்றாய், வைத்துவிட்டாய். எடுத்தேன். லோடரையும் அதன் பரிவாரத்தையும் கணினியின் குப்பைத்தொட்டியில் போட்டேன். விளையாட்டு பழையபடி திறந்தது. பண்ணையைக் காணோம். மாடு இல்லை, குதிரை இல்லை, ஒரு பூசணிக்கொடி இல்லை. 'புதுப் பண்ணை தொடங்கலாமா?' என்று மட்டும் ஒரு கேள்வி, துக்க வீட்டில் விருந்து கேட்கிற மாதிரி. நீ அனுப்பின அந்தத் திருட்டுப் பயல் போகிற போக்கில் பண்ணையையும் விழுங்கிவிட்டுப் போயிருக்கிறான்!

உன் அண்ணி என்னைத் திட்டியிருந்தால் நான் இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டேன். அவள் திட்டவில்லை. "போனா போகுதுங்க" என்று சொல்லிவிட்டு வாக்கரைத் தள்ளிக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். இரண்டு நாளாகக் கணினிப் பக்கமே திரும்பவில்லை. உடற்பயிற்சி சொல்லித் தர வருகிற அம்மாள் வந்தாலும் காலைத் தூக்க மாட்டேன் என்கிறாள். இரண்டு நாளாக வீட்டில் ஒரு 'என்னங்க' இல்லை. செய்தித்தாள் முழுசையும் வரி விளம்பரம் வரை படித்துவிட்டேன், ஒரு எழுத்து மண்டையில் ஏறவில்லை. வயிறு எரிந்து சொல்கிறேன், இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் நீயே நேரில் வந்து அந்தப் பண்ணையை மாடு கன்றோடு மீட்டுக் கொடுக்க வேண்டும். மீட்டிங், கீட்டிங் என்றாயோ, அண்ணன் என்று ஒருவன் இருப்பதையே மறந்துவிடு.

கோபம் உன் மேல் மட்டும்தான். உன் மனைவிக்கு என் அன்பு, குழந்தைகளுக்கு எங்கள் ஆசி. நீயும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு, இங்கே வந்து என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளத் தெம்பு வேண்டுமே.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் கடிதத்தை உன் அண்ணியிடம் வாசித்துக் காட்டினேன். 'நிரந்தரப் பாதுகாப்பு' என்ற இடத்தில், "நிறுத்துங்க. அப்போ பண்ணை அந்த உறைக்குள்ளதான இருக்கு?" என்றாள். இருந்தது. எடுத்த இடத்தில் வைத்ததும் பதினாறு மாடும் வந்துவிட்டன. அதோடு விட்டாளா? அந்த ஆறு தாளும் நகல் இல்லை, ஒவ்வொருவனுக்கும் அவனவன் அடையாளச் சீட்டு என்று, என்னைப் படிக்கவைத்துக் கேட்டே அவள் கண்டுபிடித்து, குப்பைத்தொட்டியிலிருந்து எல்லாவற்றையும் திரும்பப் போடவைத்தாள். தமிழும் வந்துவிட்டது. ஆகவே மேலே எழுதியது எதையும் மனசில் வைத்துக்கொள்ளாதே.

ஆனால் உன் புண்ணியத்தில் வேறொரு வினை. அந்த விளையாட்டு ஊரில் ஒரு கொல்லன் உண்டு. எட்டு மாதமாக அவன் "இன்னிக்கு வலி எப்படி இருக்கும்மா? நேத்தைக்கு இன்னிக்கு நடை தேவலையே" என்று தினமும் அவளை விசாரித்து வந்தான். தமிழில் பார்த்தால், பாவி, 'கடை நாலு மணிக்கு மூடும்' என்று ஒரே வரியைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறான். என்ன செய்யச் சொல்கிறாய்? நானாக வலியைப் பற்றிக் கேட்டால் எரிந்து விழுவாள். கொல்லன் கேட்டால் பதில் சொன்னாள்.

"எட்டு மாசமா இந்த ஆளு நல்லவன்னு நினைச்சு எத்தனை பூசணி குடுத்திருக்கேன் தெரியுமா?" என்று கத்தினாள். திரையை விட்டு என் பக்கம் திரும்பினாள். அப்புறம், "இந்தத் தமிழ் வேண்டாங்க, எடுத்துடுங்க. பழையபடி நீங்களே படிங்க. கொல்லன் பேச்சை மட்டும் மாத்திடாதீங்க" என்றாள்.

அதைக் கழற்றும் முறையை வரி வரியாக எழுதி உடனே அனுப்பு.