ஃபேன் பாயின் ஆளில்லாத் தீவு

ரங்கூனில் வீசும் காற்றெல்லாம் தன்னைக் கேட்டுத்தான் வீசுகிறது என்று நம்பிய ஒரே மனிதர் எங்கள் தெரு ஃபேன் பாய். மின்விசிறி பழுது பார்ப்பவர். எந்த விசிறி வந்தாலும் முதலில் அதற்கு ஸலாம் சொல்வார். அப்புறம்தான் திருப்புளி.

தொண்ணூறுகளில் அவருடைய ஒரே மகன் காசிம், கடையில் உட்கார மாட்டேன் என்று கப்பலேறினான். ஆற்றைக் கடக்கும் டாலா படகில் கால் வைத்தாலே தலை சுற்றும் மனிதர் பாய். "போனா இந்த வாசப்படி மிதிக்காதே!" என்று கத்திவிட்டார். வெகுநாள் தகவலே இல்லை. பிறகு வடகடல் தீவு ஒன்றின் படம் தபாலில் வந்தது. பாறை, புல், செம்மறியாடு. மரமில்லை, மனிதரில்லை. பின்னால் ஒரே வரி: 'இங்கே ஃபேன் தேவையில்லை வாப்பா.'

"தம்பி, இது கோவமா, கிண்டலா?" என்று தினமும் என்னைப் பிடுங்குவார்.

"எழுதிக் கேளுங்களேன், பாய்."

"எழுதினா தலை குனிஞ்ச மாதிரி இருக்கும். பாடினா? அது கலை!"

இப்படித்தான் அந்தத் தீவைப் பற்றி ஒரு நாட்டுப்பாடல் கேசட் உருவானது. மெட்டெல்லாம் அவர் உம்மா பாடியவை.

காசிமின் கூட்டாளி ஒருவன் அதே கப்பலில் சேரப் புறப்படும் நாள் சாயங்காலம் பதிவு. கரண்ட் இருந்தால் தெருவெங்கும் டிவி அலறும். அதனால் கரண்ட் போகும்வரை காத்திருந்தோம். டேப் ரிக்கார்டர் பேட்டரியில் ஓடியது. தீவுக் காற்றுக்காக மேசை விசிறியை நான் விரலால் சுற்ற வேண்டும். செம்மறிக்குப் பதில், குர்பானிக்கு வாங்கிய வெள்ளாட்டைத் தன் மூன்றாம் மாடி வீட்டுக்கு ஏற்றியிருந்தார். அது வாயே திறக்கவில்லை. பாயே "மே..." என்று கத்திக் காட்டினார். ஆடு அவரைப் பார்த்த பார்வையில் துளி மரியாதை இல்லை.

கடைசிப் பாட்டு.

"மரமில்லா மலையோரம் மறியாடு மேயுதடா,
மனுசரில்லா ஊரினிலே மகனே நீ நிக்கிறியே..."

பாயின் குரல் உடைந்தது. நான் விசிறியை மறந்தேன்.

அந்த நொடியில் கரண்ட் வந்தது. ரங்கூனில் கரண்ட் வந்தால் தெருவே ஒரே தொண்டையாகக் கத்தும்: "மீ லாப்யீ!" பர்மிய மொழியில், விளக்கு வந்துவிட்டதாம். கீழே பூக்காரி முதல் மேலே தொண்ணூறு வயதுத் தாத்தாவரை கத்தினார்கள். விசிறி தானாகப் புயலடித்தது. ஆடும் அப்போதுதான் வாய் திறந்தது.

"ஆளில்லாத தீவுல ஒரு தெருவையே குடியேத்திட்டானுங்களே!" பாய் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். மறுபடி பாடக் குரலில்லை. கூட்டாளி வாசலில் நின்றான். கேசட் அப்படியே போனது.

அதன்பின் விசிறிகளுக்கு ஸலாம்கூட நின்றுபோனது. ஒருநாள் எதிர்க்கடைக்கு ஃபோன் வந்தது. இருவர் காதுக்கும் நடுவில் ரிசீவரை நான்தான் பிடித்துக்கொண்டேன்.

"வாப்பா, பாட்டு கேட்டேன்."

"கடைசிப் பாட்டு கெட்டுப் போச்சுடா..."

"அதைத்தான் தேயத் தேயப் போடறோம். 'மீ லாப்யீ' வந்ததும் கப்பல்ல நம்ம ஊருப் பசங்க எல்லாரும் கூடவே கத்துறானுங்க. காத்து இங்கே வேண்டிய மட்டும் இருக்கு வாப்பா. அந்தச் சத்தந்தான் இல்லே. பெருநாளைக்கு வர்றேன். வாசப்படி மிதிக்கலாமா?"

"மிதிடா! நல்லா மிதி!"

பாய் அப்போது விட்ட மூச்சில் மூன்று விசிறிகள் ஓடியிருக்கும்.

காசிம் வந்து, தின்று கொழுத்து, மறுபடி கப்பலுக்குப் போனான். அதன்பிறகு கரண்ட் வந்தால் தெருவில் முதல் குரல் பாயுடையது. வடக்கு ஜன்னலில் நின்று கத்துவார். அவ்வளவு தூரம் கேட்காது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. நானும் பக்கத்தில் நின்று, என்னால் முடிந்த மட்டும் கத்தினேன்.