நடந்து போன பட்டன்

புது மாப்பிள்ளை எவனும் "எனக்குத் தெரியாது" என்று சொல்லி நான் கேட்டதில்லை. கல்யாணமான முதல் மாதத்தில் ஆண்பிள்ளைக்குக் குழாய் ரிப்பேர் தெரியும், கறிக்குழம்பு தெரியும், உலக அரசியல் தெரியும். எனக்கு வண்டுக்கு வீடு கட்டத் தெரியும் என்று தோன்றியதும் அந்த மாதத்தில்தான்.

வண்டுகள் என் மனைவி மேகலாவுடையவை. மூலனூர்ப் பக்கத்து முருங்கைத் தோட்டக்காரர் மகள் அவள், காலேஜில் விலங்கியல் படித்தவள். தோட்டத்தில் விழுந்து மக்கிய மரங்களில் தட்டுத் தட்டாகக் காளான் பூக்கும். அதைத் தின்று வாழும் வண்டுகளை எடுத்து வந்து வளர்த்துக்கொண்டிருந்தாள். கறுப்பு உடம்பு, முதுகில் ஆரஞ்சுப் பட்டை, சட்டைப் பட்டன் அளவு. பெண் பார்க்கப் போன அன்று எங்களைத் தனியாகப் பேச அனுப்பியபோது அவள் கேட்டது ஒரே கேள்விதான்.

"உங்க ஊட்டுல வண்டு வளத்தலாமுங்களா?"

"தாராளமா வளத்தலாமுங்க" என்றேன். (அந்த நேரத்தில் முதலை என்று கேட்டிருந்தாலும் தொட்டி எத்தனை அடி வேணுமுங்க என்றுதான் கேட்டிருப்பேன்.)

ஆக, சீர்த் தட்டு வரிசையில் ஆப்பிளுக்கும் கல்கண்டுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் டப்பாவும் வந்து சேர்ந்தது. லட்டு என்று நினைத்துத் திறந்த என் அத்தை போட்ட சத்தத்தில் நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டார்.

எங்கள் வீடு திருப்பூர் நல்லூரில். மாடியில் குடியிருப்பு, கீழே அப்பாவின் பனியன் கம்பெனி. குழந்தைகளுக்கான வெள்ளைப் பனியன் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறோம். அப்பா வண்டு டப்பாவைத் தூரத்தில் நின்றே பார்த்தார்.

"மாடிப்படிக்கு அடியில இருந்துட்டுப் போகட்டும். ஆனா ஒரு வண்டு வெளிய வந்துதுன்னாலும் அத்தனையும் மூலனூருக்கே போயிரும். சொல்லிப்போட்டேன்."

"சரிங்க மாமா" என்றாள் மேகலா. அன்று அவள் சரியாகச் சாப்பிடவில்லை. புது வீட்டில் அவளுக்கென்று இருந்தது அந்த வண்டுகள் மட்டும்தான் என்பது எனக்கே உறைத்தது. அவற்றுக்கு ஒரு நல்ல இடம் அமைத்துக் கொடுத்துவிட்டால் என்னைப் பார்த்து ஒருமுறையாவது வாய்விட்டுச் சிரிப்பாள் என்று நினைத்தேன். (அதுவரை புன்னகை மட்டும்தான். அதுவும் விருந்தாளிக்குக் காட்டுகிற புன்னகை.)

"இந்த டப்பாவே போதுமுங்க. மூடியில ஊசி ஓட்டை இருக்குது. அப்பப்பக் கொஞ்சம் தண்ணி தெளிச்சாச் சரி" என்றாள்.

போதும் என்ற வார்த்தை மாப்பிள்ளை காதில் ஏறுமா? மீன்கள் செத்த பிறகு பரணில் கிடந்த கண்ணாடித் தொட்டியை இறக்கினேன். அடியில் மக்கிய மரத்தூள், அதன் மேல் மரப்பட்டை, காளான் துண்டுகள், ஏறி விளையாட முருங்கைக் கிளை. எல்லாம் அமைந்துவிட்டது, மூடிதான் இல்லை. பனியன் கம்பெனிக்காரன் மூடிக்கு எங்கே போவான்? வெள்ளைத் துணியில் ஒரு துண்டு வெட்டி, சுற்றிலும் எலாஸ்டிக் வைத்துத் தரும்படி டெய்லர் ஐசக் அண்ணனிடம் கொடுத்தேன். அவர் திருநெல்வேலிப் பக்கம். தைத்து முடித்ததும் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"தம்பி, தப்பா நெனைக்காதீய. இவ்வளவு பெரிய ஜட்டி எந்த நாட்டுக்குப் போவுது?"

மேகலா மட்டும் மூடியைத் தொட்டுப் பார்த்து, "ஏனுங்க, துணி ஈரமாகுமுங்களே?" என்றாள்.

"நூறு சதம் காட்டன். காத்து நல்லாப் போகும்" என்றேன், சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையரிடம் பேசுகிற குரலில்.

அது மழைக்காலம். வண்டுக்குத் தாகம் எடுக்குமே என்று காலையிலும் மாலையிலும் நானே தண்ணீர் அடித்தேன். மூடி எப்போதும் சொதசொதவென்று இருந்தது. ஈரத் துணியில் பூஞ்சாணம் பிடிக்கும் என்பது திருப்பூரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். "ஈரத்தோட மடிக்காதீங்க" என்று நாள் முழுக்கக் கத்துவதுதான் கம்பெனியில் என் வேலையே. அப்பேர்ப்பட்ட நான், காளானையும் அதன் பங்காளியான பூஞ்சாணத்தையும் தின்கிற ஜீவன்களைப் பூஞ்சாணம் பிடித்த துணியால் மூடி வைத்திருந்தேன். ஜெயிலுக்கு முறுக்கில் கம்பி வைத்த மாதிரி.

ஒரு நாள் காலையில் பார்த்தால், மூடியின் நடுவில் விரல் நுழைகிற ஓட்டை. தொட்டியில் ஒரு வண்டுகூட இல்லை.

அன்றைக்குத்தான் சரக்கைச் சோதிக்கப் பையர் அனுப்பிய இன்ஸ்பெக்டர் வருகிறார். பெட்டிகள் சுவரோரம் கப்பலுக்குத் தயாராக இருந்தன. மேகலாவிடம் சொல்லத் தைரியமில்லாமல், மெஷின்களுக்கு அடியில் தவழ்ந்து தேடினேன். "ஏண்டா, ஊசி ஒடஞ்சுபோச்சா?" என்றார் அப்பா. பயத்தில் தலையை ஆட்டிவிட்டேன். (குழந்தைத் துணியில் ஊசி முனை போய்விட்டால் எங்கள் தொழிலில் தலை போகிற விஷயம்.) உடனே கம்பெனி மொத்தமும் தரையில் இறங்கி, இல்லாத ஊசியைத் தேட ஆரம்பித்தது.

அந்த நேரம் பார்த்து இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார். சிரிக்காத மனிதர். கடைசி வரிசைப் பெட்டி ஒன்றைக் காட்டித் திறக்கச் சொன்னார். பனியன் பைக்கு மேல் நடுநாயகமாக ஒரு வண்டு. இந்த வண்டுகளுக்கு ஒரு குணம் உண்டு. தொட்டால் காலை மடக்கிக்கொண்டு செத்த மாதிரிக் கிடக்கும். அவர் அதை எடுத்தார்.

"இது என்ன?"

"பட்டனுங்க சார்" என்றேன்.

"இந்த ஸ்டைல்ல பட்டனே கிடையாதே?"

"வேற ஸ்டைலோடதுங்க சார். டிசைன் பட்டன்."

உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். ஃபினிஷிங் பிடித்துப்போனது போல லேசாகத் தலையை அசைத்தார். அப்புறம் பட்டனுக்குக் கால் முளைத்தது. மணிக்கட்டு வழியாக நடந்து அவருடைய சட்டைக் கைக்குள் போய்விட்டது. அந்தச் சிரிக்காத மனிதர் ஆடிய ஆட்டத்தை நான் எந்தக் கோயில் திருவிழாவிலும் பார்த்ததில்லை.

சத்தம் கேட்டு இறங்கி வந்த மேகலா, அவர் கையை உதறச் சொல்லி வண்டை மீட்டாள். பிறகு பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். மிச்ச வண்டுகளும் அங்கேதான் இருந்தன. அப்பாவின் முகம் சிவந்துவிட்டது.

"மாமா, ஒரு நிமிசமுங்க. இத்தனை பெட்டி இருக்கறப்ப எல்லாமே எதுக்கு இந்த ஒண்ணுல வந்து உக்காந்திருக்குது? அடி வரைக்கும் பிரிச்சுப் பாருங்க."

பிரித்தோம். சுவரில் கசிந்த மழைத்தண்ணீர் பெட்டிக்குள் இறங்கி, அடியில் இருந்த பனியன்களில் கறுப்புப் புள்ளிகளாகப் பூஞ்சாணம் பிடித்திருந்தது. பக்கத்துப் பெட்டிகளிலும் அதே கதை. அப்படியே கப்பலேறியிருந்தால், போய்ச் சேருவதற்குள் சரக்கோடு எங்கள் பெயரும் நாறியிருக்கும்.

சரக்கை நிறுத்திவைக்கச் சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் போனார். அப்பா ஸ்டூலில் உட்கார்ந்தார். மேகலா வண்டுகளைப் பழைய டப்பாவுக்குள் விட்டு, அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"மூலனூருக்கு நானே கொண்டுபோய் விட்டுட்டு வரட்டுங்களாப்பா?"

அப்பா என் எலாஸ்டிக் மூடியை எடுத்து, அதன் ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார்.

"வண்டு இங்கயே இருக்கட்டும். நீ வேணா மூலனூர் போய் இருந்துக்க."

மேகலா சிரித்தாள். ஐசக் அண்ணன் மெஷினை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு வாய்விட்டுச் சிரித்தாள். நான் ஆசைப்பட்ட சிரிப்பு அதுதான். என்னைப் பார்த்துத்தான் சிரித்தாள், அதிலும் குறை சொல்ல முடியாது.

டப்பா இப்போது மாடியில், டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. மழைக்காலத்தில் பேக்கிங் தொடங்கினால் அப்பா கீழேயிருந்து குரல் கொடுப்பார்: "மேகலாக் கண்ணு, நம்ம இன்ஸ்பெக்டருகளக் கொஞ்சம் கூட்டியா!"

போன வாரம் எங்கள் மகள் பள்ளிக்கூடச் சட்டையோடு வந்து, "அப்பா, ஒரு பட்டனைக் காணோம்" என்றாள். சமையலறையிலிருந்து மேகலாவும், சோபாவிலிருந்து அப்பாவும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்:

"நடந்து போயிருக்கும்!"

நானும் சேர்ந்து சிரித்தேன். சிரித்துவிட்டு, யாரும் கவனிக்காத நேரமாகப் பார்த்து, டப்பா மூடி சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு வந்தேன்.